படித்த படிப்பும் பார்த்த வேலையும்: பினாங்கு நகரின் அனுபவம்

தேர்வு முடிவுகள் வெளிவரும் வாரத்தில் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் நல்ல வேலை, நல்ல வாழ்வு என்பது ஒரு குரல். அது பெரும்பாலும் தந்தையுடையது. படிக்காதவன் முதலாளியாக இருக்கிறான், படித்தவன் அவனிடம் கணக்கெழுதுகிறான் என்பது இன்னொரு குரல். அது பெரும்பாலும் மாமாவுடையது. இருவரிடமும் ஆளுக்கு நாலைந்து உதாரணங்கள் தயாராக இருக்கும். தந்தை ஒரு டாக்டரைக் காட்டுவார். மாமா ஒரு கடைக்காரரைக் காட்டுவார். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் எதுவும் விளங்காது.

பள்ளியில் பெற்ற தேர்ச்சியை வைத்து ஒருவர் வேலையில் எப்படி நடந்துகொள்வார், எவ்வளவு முன்னேறுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியை நாம் ஓர் ஊரின் வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம். அந்த ஊர் பினாங்கு. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த ஊர் அது. நம்மவர் அங்கே எல்லா வாசல்கள் வழியாகவும் வேலைக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்திறங்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794-இல் அவர் எழுதிய அறிக்கையில் நம்மவரைப் பற்றிய செய்தி இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் சுமார் ஆயிரம் பேர் ஊரில் இருந்தனராம். இவர்களைத் தவிர, ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை வந்து, வியாபாரமும் பலவகைக் கூலி வேலையும் செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள். வந்தவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டது இரண்டே கேள்விகள்: யாருடைய ஆள், என்ன வேலை தெரியும்.

முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூல் திறக்கப்பட்டது. தொடங்கியவர் ஆங்கிலத் திருச்சபையின் பாதிரியார் ஹட்சிங்ஸ். ‘பிரீ’ என்பதற்கு இலவசம் என்று நாம் பொருள் கொண்டுவிடக் கூடாது. எல்லா இனத்தாருக்கும், எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்த பள்ளி என்பதே அதன் பொருள். அந்தப் பள்ளியில் அதே ஆண்டில் ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கப்பட்டது. மலாயாவில் தமிழ்க் கல்வியின் வயதை நாம் அந்த வகுப்பிலிருந்துதான் கணக்கிடுகிறோம். 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடியதும் அதனால்தான். ஆனால் அந்த வகுப்பு நிலைக்கவில்லை. பிள்ளைகள் போதிய அளவில் வராததால் நின்று போயிற்று.

ஹட்சிங்ஸ் பாதிரியாரின் காலத்திலேயே, 1818-இல், பார்குவார் வீதியில் புனித ஜார்ஜ் தேவாலயம் எழும்பியது. அதைக் கட்டுவதில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். வெள்ளைத் தூண்களோடு இன்றும் நிற்கும் கட்டடம் அது. பினாங்கு பிரீ ஸ்கூலின் பழைய கட்டடமும் அதை அடுத்தாற்போல் அதே வீதியில்தான் இருக்கிறது. ஒன்று ஏட்டுக் கல்வியின் வீடு. மற்றொன்று, பள்ளி வாசலை மிதிக்காத கைகள் எழுப்பிய வீடு. சாலை போடவும் கல் அடுக்கவும் சாந்து பூசவும் அந்தக் கைதிகள் வேலைத்தலத்திலேயே கற்றார்கள். அவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சான்றிதழ் என்ற காகிதத்துக்குப் பினாங்கில் உண்மையான விலை ஏற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். 1885-இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசாங்கம் ராணி உபகாரச் சம்பளம் என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. தேர்வில் முதன்மை பெறும் மாணவரை அரசாங்கச் செலவில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் திட்டம் அது. அதையடுத்து, 1890-களில், கேம்பிரிட்ஜ் தேர்வுகள் பள்ளிகளில் வேரூன்றின. ‘சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ்’ என்ற மூன்று சொற்கள் இரண்டு தலைமுறைக்கு ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றின. அரசாங்க அலுவலகம், வங்கி, கப்பல் கம்பெனி, ரயில்வே, தோட்டத்துக் கிராணி வேலை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். உள்ளூரில் அத்தகையோர் போதவில்லை.

அந்தக் குறையை நிரப்பியவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் முக்கியமானவர்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இலேயே வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி நடத்தியவர்கள். அதைப் பின்பற்றி ஊருக்கு ஊர் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. படித்த பிள்ளைகள் பெருகினர். அங்கே வேலை பெருகவில்லை. கப்பல் ஏறினர். மலாயா ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் தபால் துறையிலும் கருவூலத்திலும் அமர்ந்தனர். இவர்களுடைய வாழ்வைப் பார்த்தால், தந்தையார் சொல்லும் வாதம் முழுக்க முழுக்க உண்மை என்றே தோன்றும். படிப்பு இருந்தது, வேலை கிடைத்தது, ஓய்வூதியம் வந்தது, பிள்ளைகள் டாக்டரும் வக்கீலும் ஆயினர்.

அதே காலத்தில், நீரிணையைத் தாண்டி வெல்லெஸ்லி மாகாணத்தில், இன்று செபராங் பிறை என்று வழங்கும் பகுதியில், கரும்புத் தோட்டத்திலும் பின்னர் ரப்பர்த் தோட்டத்திலும் நம்மவர் பிள்ளைகள் வளர்ந்தனர். தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்ற சட்டம் மலாய் இணைந்த மாநிலங்களில் 1912-இல்தான் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் ஒரு பள்ளி வேண்டும் என்பது விதி. வெல்லெஸ்லி மாகாணத் தோட்டங்களிலும் அத்தகைய பள்ளிகள் காலப்போக்கில் எழுந்தன. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார் ஆனார். காலையில் பெற்றோருக்குத் துணையாக வேலைக்காட்டுக்குப் போய்விட்டு வந்த பிள்ளை பிற்பகலில் எழுத்துக்கூட்டிப் படித்தது. நாலாம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடிந்தால் படிப்பும் முடிந்தது. அதற்கு மேல் தமிழில் வகுப்பு இல்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போக வழியும் இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னரும், ஆறாம் ஆண்டில் நடந்த இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு 1965-இல் நீங்கும் வரை, ஏராளமான பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே வெளியே நின்றுவிட்டனர்.

ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியின் மகனும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகனும் வெவ்வேறு நிலையை அடைந்தார்கள் என்றால், அதைப் படிப்பு முன்னறிவித்தது என்பதா, அல்லது எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பது படிப்பையும் வேலையையும் சேர்த்தே தீர்மானித்தது என்பதா? இரண்டாவதுதான் சரி என்பது நம் கருத்து. காகிதம் சாட்சி சொன்னது; ஆனால் வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இப்போது மாமாவின் பக்கம் வருவோம். அவருக்கும் வலுவான சாட்சி உண்டு. அந்தச் சாட்சி பினாங்கு வீதியில் இருக்கிறது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்குக்கு வந்து வட்டித்தொழில் தொடங்கினர். 1857-இல் தண்ணீர்மலைப் பகுதியில் தண்டாயுதபாணி கோயில் கட்டினர். தைப்பூசத்துக்கு அந்தக் கோயிலின் வெள்ளி இரதம் ஓடத் தொடங்கியது 1894-இல். அவர்கள் தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் நீளமான ஒரு கூடம். உள்ளே இருபுறமும் வரிசையாக மரப்பெட்டிகள், கணக்கெழுதும் சாய்மேசைகள். ஒரு பெட்டி என்றால் ஒரு கடை. நாற்காலி கிடையாது, பாயில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இப்படி நடக்கும்.

அந்தக் கூடம் ஒரு பள்ளிக்கூடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆள் வரிசை படிப்படியாக இருந்தது. அடியில் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேல் அடுத்தாள். அவருக்கு மேல் கடையை நடத்தும் மேலாள் என்ற ஏஜெண்டு. எல்லாருக்கும் மேலே செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி. பையன் சிறுவயதிலேயே வருவான். கூடம் பெருக்குவான், கடிதம் கொண்டுபோவான், வசூலுக்குப் போகிறவரோடு நடப்பான். கணக்கெழுதும் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பான். ஊரில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வந்திருப்பான். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களைப் பெருக்கவும் கூட்டவும் காகிதம் தேவையில்லை, வாய்தான் தேவை. கிட்டங்கிக்கு வந்தபின் சிட்டை எழுதவும் பேரேட்டில் பதியவும் ஐந்தொகை எடுக்கவும் கற்பான். இன்று நாம் இருப்புநிலைக் குறிப்பு என்று சொல்வதைத்தான் அவர்கள் ஐந்தொகை என்றார்கள்.

இதில் எந்த நாளில் தேர்வு? தினமும் தேர்வுதான். ஒரு சதம் இடித்தாலும் அன்று இரவு கணக்கு மூடாது. வட்டி தவறினால் வாடிக்கைக்காரர் சண்டைக்கு வருவார். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற தீர்ப்பு தவறினால் முதலாளியின் கடிதம் வரும். ஏஜெண்டின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டு. முடிந்ததும் புதிய ஏஜெண்டிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அந்த ஐந்தொகைதான் அவருடைய சான்றிதழ். அடுத்த பயணத்தில் பெரிய கடையா, சிறிய கடையா, அல்லது கடையே இல்லையா என்பதை அது சொல்லிவிடும். வெள்ளைக்கார வங்கிகள் இவர்களுக்குக் கடன் கொடுத்தது பட்டத்தைப் பார்த்தல்ல, விலாசத்தைப் பார்த்து. விலாசம் என்றால் முகவரி அல்ல. கடையின் பெயர் எழுத்துகள்.

இந்தக் கல்வி எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு திறமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாமா இதைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுவார். கிட்டங்கியின் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. உறவுக்கும் ஊருக்கும் சமூகத்துக்கும் மட்டுமே திறந்தது. பெண்ணுக்குத் திறக்கவே இல்லை. ஆங்கிலப் பள்ளியின் கதவுக்குக் காகிதம் சாவி என்றால், கிட்டங்கியின் கதவுக்குப் பிறப்பு சாவி. இன்னொன்றும் உண்டு. வட்டித்தொழிலில் வளர்ந்த அதே சமூகத்தின் பணந்தான் 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1947-இல் காரைக்குடியில் கல்லூரி ஆயிற்று. காரைக்குடிக் கல்லூரியை நிறுவிய அழகப்பச் செட்டியார் எம்.ஏ. பட்டம் பெற்றவர். கிட்டங்கிப் படிப்பே போதும் என்று அந்தச் சமூகத்தின் தலைவர்களே நினைக்கவில்லை.

இனி, பினாங்கு பிரீ ஸ்கூலுக்கே திரும்பிப் போவோம். ஒரே பள்ளியில் படித்த மூவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் டாக்டர் ஊ லியென் தே. பினாங்கில் 1879-இல் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர். 1896-இல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பரிசுகளும் பட்டங்களும் குவிந்தன. தேர்வுச் சான்று வாழ்வை முன்னறிவிக்கும் என்றால் ஊர் திரும்பியதும் அவர் பெரிய அரசாங்க மருத்துவர் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. குடியேற்ற அரசாங்கத்தின் உயர்ந்த மருத்துவப் பதவிகள் ஐரோப்பியருக்கே என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவர் நம் சூலியா வீதியில் தனி வைத்தியசாலை நடத்தினார்; அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார்; அதனால் பகையும் தேடிக்கொண்டார். பிறகு சீனாவில் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பதவி கிடைத்துச் சென்றார். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். படிப்பும் வேலைப் பாங்கும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1910-ஆம் ஆண்டு டிசம்பரில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியது. டாக்டர் ஊ அனுப்பப்பட்டார். வயது முப்பத்தொன்று. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் நோய் என்பதே அக்காலப் பாடம். அவர் இறந்துபோன ஒரு பெண்மணியின் உடலைச் சோதித்தார்; நோயாளிகள் எப்படி இருமுகிறார்கள், ஒரு வீட்டில் யார் யாருக்கு வருகிறது என்று பார்த்தார். இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், மூச்சுக்காற்றின் வழியே ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது என்ற முடிவுக்கு வந்தார். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசம் எல்லாரும் கட்ட வேண்டும் என்றார்.

1911 ஜனவரித் தொடக்கத்தில் டாக்டர் மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் பேராசிரியர்; வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்; சில ஆண்டுகளுக்கு முன் தாங்ஷான் நகரில் பிளேக்கை எதிர்த்துப் பணிபுரிந்தவர். தகுதிப் பட்டியல் போட்டால் இருவரில் அவர் பெயர் மேலே வரும். அவர் இளைஞரான சீன டாக்டரின் கருத்தை ஏற்கவில்லை. முகக்கவசம் இன்றியே மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைச் சோதித்தார். சில நாள்களில் அதே நோயால் மாண்டார். அதன் பிறகு ஹார்பினில் முகக்கவசம் கட்டாதவர் அரிதாயினர். புதைக்க முடியாமல் உறைபனியில் கிடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சடலங்களை எரிக்க டாக்டர் ஊ சீன அரசரின் அனுமதி பெற்றார். மார்ச்சு மாதத்துக்குள் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியாவில் சுமார் அறுபதாயிரம் பேர் இறந்திருந்தனர். 2020-இல் உலகமே முகக்கவசம் கட்டியபோது இந்தப் பினாங்குக்காரரின் பெயர் மறுபடி பேசப்பட்டது.

இருவரும் படித்தவர்கள், நன்றாகவே படித்தவர்கள். ஒருவருக்குப் படிப்பு கண்ணால் காண்பதை நம்பும் துணிவைக் கொடுத்தது. மற்றவருக்கு முன்னைய வெற்றி கண்ணை மறைத்தது. இந்த வேறுபாட்டை எந்த மதிப்பெண் பட்டியலிலிருந்து கண்டுபிடிப்பது?

இரண்டாமவர் துங்கு அப்துல் ரஹ்மான். கெடா அரச குடும்பத்தில் 1903-இல் பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, கெடா அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து சென்றார். 1925-இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் பெற்றார். சட்டத் தேர்வோ அவரைப் பாடாய்ப் படுத்திற்று. பந்தயக் குதிரையிலும் வேகமான காரிலும் அவருக்கு இருந்த ஆர்வம் புத்தகத்தில் இல்லை. தேர்வில் தோற்று, கெடாவுக்குத் திரும்பி மாவட்ட அதிகாரியாக வேலை பார்த்து, மீண்டும் போய், போரால் தடைப்பட்டு, மூன்றாம் முறை சென்று, 1949-இல்தான் பாரிஸ்டர் ஆனார். பட்டம் பெற்று இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பத்தாறு வயதில்! எட்டு ஆண்டுகளில் நாட்டின் முதல் பிரதமராக மெர்டேக்கா முழக்கமிட்டார். மாவட்ட அதிகாரியாக இருந்த ஆண்டுகளில் கிராமத்து மக்களோடு பழகிய பழக்கந்தான், பல இனத் தலைவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க அவருக்குக் கைகொடுத்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அரச குடும்பத்துப் பிள்ளைக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் தோற்க வசதி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தடவை தோற்கவும் வசதி இல்லை.

மூன்றாமவர் பி. ரம்லி. 1929-இல் பினாங்கில் பிறந்தவர். 1941-இல் ஜப்பானியப் படை வந்ததும் பள்ளிப் படிப்பு குலைந்தது. இசையில் பட்டம் ஏதும் இல்லாமலே மலாய்த் திரையுலகின் தலைமகனாக விளங்கினார். இவரைப் பற்றி நேயர்களுக்கு நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை.

மூவர் கதையையும் கேட்ட மாமா மகிழ்ச்சி அடைவார். பார்த்தீர்களா, தேர்வு எதையும் சொல்லவில்லை என்பார். அவசரப்பட வேண்டாம். வென்றவர் பெயர்தான் நமக்குத் தெரியும். சட்டத் தேர்வில் தோற்றவர் எத்தனையோ பேர். அவர்களில் பிரதமரானவர் ஒருவர். போரால் பள்ளியை விட்ட பினாங்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர், ரம்லி ஒருவர். விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை உலகில் பலர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1998-இல், எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி ஒரு முடிவை வெளியிட்டனர். இரண்டு பொருள்களுக்கு இடையே தொடர்பே இல்லை என்றால் பூச்சியம், முழுத் தொடர்பு என்றால் ஒன்று என்று வைத்துக்கொண்டால், எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கும் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பு 0.10 தான். அதாவது ஊழியர்களிடையே காணும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் அது விளக்கும். அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தால் தொடர்பு 0.54. பிற்பாடு 2022-இல் வேறு அறிஞர்கள் கணக்கீட்டு முறையைத் திருத்தியபோது இந்த எண்கள் குறைந்தன. செய்து காட்டும் சோதனை 0.33 ஆயிற்று. முதலிடம் முன்கூட்டியே வகுத்த கேள்விகளோடு நடத்தும் நேர்முகத்துக்குப் போயிற்று. கல்லூரி மதிப்பெண்ணுக்கு ஓரளவு பயன் உண்டு என்று 1996-இல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது. ஆனால் படிப்பு முடிந்த முதல் ஆண்டில்தான் அது நன்றாகத் தெரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிவிடுகிறது.

இந்த எண்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆய்வு செய்தவர்கள் வேலையில் இருப்பவர்களைத்தான் அளந்தார்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அளக்கவில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய பத்துக் கிராணிகளுக்குள் யார் சிறந்தவர் என்று பார்த்தால், அந்தச் சான்றிதழ் வேறுபாடு காட்டாது. எல்லாரிடமும் அது இருக்கிறதே! ஆகவே தொடர்பு சிறிதாகத் தெரிவதைக் கொண்டு படிப்பு வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. மேலும், வேலையைச் செய்யும் திறம் வேறு. கிடைக்கும் சம்பளம் வேறு. சம்பளம் படிப்போடு ஏறுகிறது என்பது நாட்டுக்கு நாடு கண்ட உண்மை. ஏன் ஏறுகிறது என்பதில்தான் சச்சரவு. படிப்பு திறமையை வளர்க்கிறது என்பது ஒரு கட்சி. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் வேறொன்று சொன்னார். முதலாளிக்கு உள்ளே இருக்கும் திறமை தெரியாது; ஆகவே கடினமான படிப்பை முடித்தவன் என்ற அடையாளத்தைப் பார்த்து எடுக்கிறார் என்றார். அதற்கு 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலேயர் 1976-இல் எழுதிய நூலில் இலங்கையையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டு, தாமதமாகத் தொழில்மயமாகும் நாடுகளில் சான்றிதழ் மோகம் முற்றிய நோயாகவே ஆகிவிடுகிறது என்று காட்டினார். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அதில் புதிது ஒன்றும் இருந்திருக்காது.

பினாங்கில் இந்த வாதம் புத்தகத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தது. 1960-களின் இறுதியில் சுதந்திரத் துறைமுகச் சலுகை பறிபோனதும் ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. பள்ளி முடித்த இளைஞர் வீதியில் நின்றனர். கையில் காகிதம் இருந்தது. திறக்க வாசல்தான் இல்லை. 1969-இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவும் பினாங்கு பிரீ ஸ்கூல் மாணவர்தான். ராணி உபகாரச் சம்பளத்தில் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். அந்த மருத்துவர்தான் 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரத்தை உருவாக்கினார். நெல்வயல் இருந்த இடத்தில் இண்டெல் முதலிய மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன.

அவை எடுத்த ஆட்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். கேட்டது பெரிய சான்றிதழ் அல்ல. கூர்மையான பார்வை, நடுங்காத விரல், உருப்பெருக்கியின் கீழ் மயிரிழை போன்ற கம்பியைச் சில்லில் பொருத்தும் பொறுமை. கிட்டங்கியில் இடமில்லாதிருந்த, அரசாங்க அலுவலகத்தில் அரிதாகவே இருந்த பெண்களுக்கு முதன்முறையாகப் பெருந்தொகையில் மாதச் சம்பளம் கிடைத்தது. செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் நம் பெண்கள் படகுத்துறை கடந்து வேலைக்குப் போயினர். மூன்றாம் படிவத்தோடு நின்றவள் குடும்பத்தைத் தாங்கினாள்.

ஆனால் அதே தொழிற்சாலையில் சான்றிதழ் வேறு விதமாகப் பேசியது. உள்ளே நுழைய அது தேவைப்படவில்லை. மேலே ஏறத் தேவைப்பட்டது. எவ்வளவு கைதேர்ந்த ஊழியரானாலும் டெக்னிஷியன் ஆவதற்கு டிப்ளோமா கேட்டார்கள். எஞ்சினியர் ஆவதற்குப் பட்டம் கேட்டார்கள். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர், நேற்று வந்த பட்டதாரிக்கு இயந்திரத்தை இயக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் அவருக்குக் கீழே வேலை பார்த்த கதைகளை நேயர்களில் சிலரே அறிந்திருப்பீர்கள். அந்த மனத்தாங்கல் நியாயமானது. இயந்திரங்களோ ஆண்டுக்கு ஆண்டு மாறின. புதிய இயந்திரத்தின் கையேட்டை வாசித்துப் புரிந்துகொள்ளக் கணக்கும் அறிவியலும் மொழியும் வேண்டியிருந்தன. விரலின் திறம் மட்டும் போதாத நாள் வந்தது. பட்டதாரி கேட்ட தொழிற்சாலை முழுவதும் காகித மோகத்தால் கேட்டது என்றும் சொல்வதற்கில்லை.

இந்த இடைவெளியை உணர்ந்துதான் 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. ஒன்றோடொன்று போட்டியிடும் தொழிற்சாலைகள் தாமே கூடி, மாநில அரசின் துணையோடு ஒரே கூரையின் கீழ் பயிற்சி நடத்த முன்வந்தன. எந்தப் பயிற்சி தேவை என்பதைத் தொழிற்சாலைகளே சொல்லும்; வேலையில் இருக்கும் ஊழியர் வந்து கற்பர். இடையில் நின்றுபோன படிப்பை வேலை பார்த்துக்கொண்டே தொடர அது ஒரு வழி ஆயிற்று. பினாங்கு வீதியின் கூடத்தில் கைவேலையும் கணக்கும் ஒரே பாயில் நடந்ததை நினைவில் கொண்டால், இந்த ஏற்பாடு முற்றிலும் புதியதல்ல என்பது விளங்கும். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. இங்கே நுழைய யாருடைய ஆள் என்று கேட்பதில்லை.

1816-இல் தொடங்கி நின்றுபோன தமிழ் வகுப்பின் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இரண்டாவது வாசல் இருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வெளியே நின்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இருக்கவில்லை. அவர்கள் படித்திருந்தால் வேலையில் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை இன்றைய எந்த ஆய்வின் எண்ணும் சொல்லாது. அவர்களில் கடைசித் தலைமுறையினர் இன்று தாத்தா பாட்டியாக நம் வீடுகளில் இருக்கிறார்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் தந்தையும் மாமாவும் வாதாடும்போது, அவர்கள் பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒருமுறை அவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.